ஆசிரியர் தினத்துக்குக் கையால செஞ்ச பரிசு: இந்த மழையில பூஞ்சணம் பிடிக்காம என்ன செய்யலாம்?

லயத்துக் குருவி (பொகவந்தலாவ)
எல்லாருக்கும் வணக்கம். நம்ம இலங்கை ஆசிரியர் தினம், ஒக்டோபர் 6, நெருங்குது. மூத்தவ தரம் 6, சின்னவன் தரம் 3. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஏழு டீச்சர்மார். ஆளுக்கொரு கோப்பை வாங்குறதுன்னாலும் நான் எத்தனை நாள் கொழுந்து எடுக்கணும்னு கணக்குப் பார்த்துட்டு, அந்த யோசனையை விட்டுட்டேன்.

போன வருஷம் பால்மா டின்ல பேனை வைக்கிற ஸ்டாண்ட் செஞ்சோம். கோதுமை மாவைக் காய்ச்சிப் பசையாக்கி, பழைய பேப்பரை மூணு சுத்து ஒட்டினோம். நாலு நாள் விடாத மழை. தொட்டா காஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. கொடுக்கிற அன்னைக்குக் காலையில எடுத்துப் பார்த்தா அடியில பச்சைப் புள்ளி, ஒரு புளிச்ச வாடை. மகள் வெறுங்கையோட போனா. டீச்சர் ஒண்ணும் சொல்லல. அவதான் ரெண்டு நாள் எங்கிட்ட பேசல.

வீட்டுல ஜேம் போத்தல், பழைய கொப்பி, பிஸ்கட் மட்டைப்பெட்டி, அம்மாவோட கிழிஞ்ச சேலை ஒண்ணு இருக்கு. வேற என்ன செய்யலாம்?

ஊசிநூல் (ஹட்டன்)
தங்கச்சி, மூணு சுத்தையும் ஒரே நாள்ல ஒட்டியிருப்பீங்க. மேல் கடதாசி காஞ்சதும் உள்ள இருக்கிற தண்ணிக்கு வெளிய வர வழியில்ல, அதான் புளிச்சிருக்கு. பசையைத் தண்ணியா காய்ச்சி, ஒரு சுத்து ஒட்டி, அடுப்பு மேல பரண்ல ஒரு ராத்திரி வச்சு, மறுநாள்தான் அடுத்த சுத்து. ஆனா நான் இந்த மாசத்துல மாப்பசையைத் தொடவே மாட்டேன். பூஞ்சணம் தப்பினாலும் கரப்பான் விடாது.

பால்மா வர்ற பக்கெட் உறை இருக்கா? வெட்டிப் பிரிச்சுக் கழுவித் துடைச்சு, ரெண்டு அங்குல அகலத்துல கீற்று வெட்டி, நாலா மடிச்சு, பாய் பின்னுற மாதிரி பின்னுங்க. பசையே வேணாம். உள்பக்கத்து வெள்ளி நிறம் வெளிய தெரியுற மாதிரி மடிச்சா பளபளன்னு இருக்கும்.

வெண்கட்டி (பண்டாரவளை, ஓய்வு பெற்ற ஆசிரியை)
மகள், உண்மையைச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. எனக்குக் கிடைச்ச பேனை ஸ்டாண்டுகளை அடுக்கினா கூரையைத் தொடும். ஒரு மேசைக்கு ஒண்ணுதானே வேணும்? ஒரு பிள்ளை கொடுத்த கொப்பியைத்தான் கடைசித் தாள் வரைக்கும் எழுதி முடிச்சேன். வருஷக் கடைசியில எல்லாக் கொப்பியிலயும் மிஞ்சுமே வெற்றுத் தாள், அதைச் சேர்த்துத் தைச்சது.

நடுவுல இருந்து சோடித் தாளாக் கழற்றுங்க. பத்துப் பன்னிரண்டு சோடி போதும். மடிப்புல மூணு ஓட்டை. உள்ளேயிருந்து நடு ஓட்டையால ஊசியை வெளிய விட்டு, மேல் ஓட்டையால உள்ள வந்து, நடுவைத் தாண்டிக் கீழ் ஓட்டையால வெளிய போய், திரும்ப நடுவால உள்ள வாங்க. உள்ள நீளமா ஓடுற நூலுக்கு ரெண்டு பக்கமும் நுனியை வச்சு முடிச்சுப் போட்டா ஆடாது. அட்டைக்கு அந்த பிஸ்கட் மட்டை, மேல அம்மாவோட சேலை. சேலையை ஒட்டாதீங்க, தலையணை உறை மாதிரி தைச்சு மாட்டுங்க.

எனக்கு வந்த கொப்பியில முதல் பக்கத்துல தேயிலைச் சாயம் ஏத்தின தாள். ஒரு கோப்பை கொதிதண்ணியில ரெண்டு கரண்டி டஸ்ட் தேயிலை போட்டு ஆறவிட்டு, அஞ்சு நிமிஷம் நனைச்சாப் போதும்.

மூடுபனி (தலவாக்கலை)
கொஞ்சம் பிந்திட்டேன். ஜேம் போத்தல்ல தேயிலை போட்டுக் கொடுக்கிற யோசனை இருந்தா, அது சம்பல், ஊறுகாய் போட்ட போத்தலா இருக்கக் கூடாது. போத்தலைக் கழுவிடலாம், மூடியில இருக்கிற வாடை போகாது, தேயிலை அதை இழுத்துக்கும். படிப்பிச்ச ஒரு சேருக்கு நான் அப்படிக் கொடுத்த தேயிலையில ஊத்தின பிளேன்டீயில மாசிக் கருவாடு மணத்துச்சாம்.

லயத்துக் குருவி
டீச்சரம்மா, நேத்து ராத்திரி ஒண்ணு தைச்சுட்டோம். கணக்குக் கொப்பியில இருந்து எடுத்த தாள்ல ஒரு மூலையில சிவப்புப் பேனையால போட்ட "சரி" ஒண்ணு இருந்துச்சு. வெட்டி எறியப் போனேன், மகள் விடல. அது கணக்கு டீச்சர் போட்டதாம், அந்தக் கொப்பி அவங்களுக்குத்தானாம். இன்னும் ஆறு இருக்கு. சேலை பத்துமான்னுதான் பார்க்கணும்.