அம்மாவோடு எட்டு நாள்: டர்பனிலிருந்து காரில் எந்தக் காட்டுக்குப் போகலாம்?

நெல்லைப்பொண்ணு, உம்லாங்கா:

வணக்கம். ஜூலை பள்ளி விடுமுறைக்கு அம்மா திருநெல்வேலியிலிருந்து இங்கே தென்னாப்பிரிக்காவுக்கு வருகிறார்கள். வயது 68, முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது. ஆனால் காட்டைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார்கள். முண்டந்துறைக்கு மூன்று தடவை புலி பார்க்கப் போய், மூன்று தடவையும் குரங்கைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். இந்தத் தடவை ஏமாற்றக் கூடாது என்று எனக்கு மனதில் கிடக்கிறது.

எட்டு நாள் கையில் இருக்கிறது. நான் போட்டிருக்கும் திட்டம்: டர்பனிலிருந்து எஸ்வாட்டினி வழியாக க்ரூகர் தேசியப் பூங்கா, அங்கே இரண்டு நாள், பிறகு பிளைட் ரிவர் கன்யன் பள்ளத்தாக்கு, அங்கிருந்து இறங்கி டிராக்கன்ஸ்பெர்க் மலை, கடைசியில் சானி பாஸ் கணவாய் ஏறிவிட்டு வீடு. எங்களிடம் இருப்பது சின்ன கார். 9 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள். என் வீட்டுக்காரர் ஒருவர்தான் ஓட்டுவார். இது நடக்குமா? சாப்பாட்டுக்கு என்ன செய்வது? அம்மா சைவம்.

மலையடிவாரம், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

தங்கச்சி, நடக்கும். ஆனால் அம்மா பார்ப்பது காட்டை இல்லை, ரோட்டை. நான் இங்கே வந்து 16 வருடம் ஆகிறது. என் மாமியாரை முதல் தடவை இப்படித்தான் இழுத்துக்கொண்டு சுற்றினேன். ஊருக்குப் போய் அவர் சொன்னது, "பெரிய பெரிய லாரி போகுது அந்த ஊர்ல" என்பதுதான். எனக்கு இன்றைக்கும் அது வருத்தம்.

க்ரூகரை இந்தத் தடவை விட்டுவிடுங்கள். அது கிட்டத்தட்ட 20,000 சதுர கிலோமீட்டர் பரந்த காடு. உள்ளே தார் ரோட்டில் 50, மண் ரோட்டில் 40க்கு மேல் ஓட்டக் கூடாது. போக ஒரு முழு நாள், வர ஒரு முழு நாள். இன்னொன்று: எஸ்வாட்டினி வேறு நாடு. அம்மாவின் விசாவில் எத்தனை முறை உள்ளே வரலாம் என்று போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒரே முறை என்றால், எல்லை தாண்டிய பிறகு திரும்பி வருவது பெரிய தலைவலி. சானி பாஸ் உச்சியும் லெசோத்தோ என்கிற வேறு நாடுதான், அங்கேயும் இதே கதை.

பக்கத்திலேயே ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசி காடு இருக்கும்போது ஏன் அவ்வளவு தூரம்? N2 நெடுஞ்சாலையில் வடக்கே ஏறத்தாழ 280 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். 1895-லேயே பாதுகாக்கப்பட்ட காடு. வெள்ளைக் காண்டாமிருகம் உலகத்திலேயே நூறுக்கும் குறைவாகிப் போன காலத்தில், அந்த மிச்சம் உயிர் பிழைத்தது இந்த இம்ஃபொலோசிப் பக்கம்தான். 1960-களில் இங்கிருந்து பிடித்துத்தான் மற்ற காடுகளுக்கெல்லாம் அனுப்பினார்கள். க்ரூகரில் நீங்கள் பார்க்கப் போகிற வெள்ளைக் காண்டாமிருகத்தின் பாட்டன் பூட்டனும் இந்த ஊர்தான்.

போன ஜூலையில் ஒரு காலை. குளிர்காலத்தில் ஆறு மணிக்குக் கேட் திறப்பார்கள், நாங்கள் முதல் காராக நுழைந்தோம். ஒரு வளைவில் காண்டாமிருகம், தாயும் கன்றும், ரோட்டை ஒட்டி. என் வீட்டுக்காரர் இஞ்சினை அணைத்துவிட்டார். கண்ணாடியை நாலு விரல்கடை இறக்கினேன். அது புல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது பாருங்கள், எங்கள் ஊரில் கதிர் அறுக்கும்போது வருமே, சரக் சரக் என்று, அதே சத்தம். உதடு அவ்வளவு அகலம், தரையோடு தரையாகத் தலை. கன்று தாய்க்கு முன்னால் நடந்து போனது. வெள்ளைக் காண்டாமிருகக் கன்று முன்னால் போகும், கறுப்பு என்றால் தாய்க்குப் பின்னால் வரும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள், அவர்களே கண்டுபிடிப்பார்கள். இருபது நிமிடம் நின்றோம். அம்மா காரைவிட்டு இறங்கவே வேண்டாம், இறங்கவும் கூடாது.

ஜூலை இதற்கு நல்ல மாதம். மழை இல்லை, புதர் காய்ந்து மெலிந்திருக்கும், மிருகங்கள் தண்ணீரைத் தேடி வரும். உள்ளே ஹில்டாப் முகாமில் மூன்று ராத்திரி போடுங்கள். பள்ளி விடுமுறை என்பதால் இன்றைக்கே இடம் பிடிக்க வேண்டும்.

அப்புறம் செயின்ட் லூசியா, ஒரு மணி நேர தூரம்தான். கழிமுகத்தில் இரண்டு மணி நேரப் படகு. நீர்யானை, முதலை எல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம், முழங்காலுக்கு வேலையே இல்லை. இருட்டிய பிறகு ஊருக்குள் நடக்காதீர்கள், நீர்யானை தெருவில் மேய வரும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்தப் பக்கம் போகுமுன் மலேரியா பற்றி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு வீட்டுக்கு வந்துவிடுங்கள். ஒரு நாள் துணி துவையுங்கள், மாவு அரையுங்கள். கடைசி மூன்று நாள் டிராக்கன்ஸ்பெர்க், ராயல் நேட்டாலில் தெண்டெலே முகாம். வாசலில் நாற்காலி போட்டு அம்மாவை உட்கார வைத்தால், ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்கு மலையே கல் சுவராக எதிரே நிற்கும், ஆம்பிதியேட்டர் என்பார்கள். காலையில் சாம்பல், பத்து மணிக்குப் பொன், சாயங்காலம் நீலம். துகேலா அருவி 948 மீட்டர், ஆனால் ஜூலையில் நூல் மாதிரிதான் இருக்கும், அதை நம்பிப் போகாதீர்கள். ராத்திரி உறைந்துபோகும் குளிர். அம்மாவுக்குக் கம்பளிக் காலுறை, குல்லா கட்டாயம்.

இரண்டு முகாமிலும் சமைக்கிற வசதியுள்ள அறையாகக் கேட்டு வாங்குங்கள். குக்கர், பருப்பு, அரிசி காரிலேயே. வழிக்குப் புளிசாதம். குரங்கு ஜன்னல் வழியாகக் கை விட்டுத் தூக்கிக்கொண்டு போகும், முண்டந்துறைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். ஜூலையில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும், நாலு மணிக்குத் தங்குமிடத்தில் இருங்கள். மலைக்குப் போகும் R74 ரோட்டில் ஒரு தடவை குழியில் விழுந்து டயர் வெடித்தது. வாடகைக் கார். ஸ்டெப்னியை எடுத்தால் அதில் காற்றே இல்லை. இருட்டில் மாடுகள் ரோட்டின் நடுவில் நிற்கின்றன, பிள்ளைகள் பின்சீட்டில். பால் வண்டி ஓட்டி வந்த ஒரு ஜூலுப் பெரியவர் நிறுத்தி, எங்கள் டயரை ஏற்றிக்கொண்டு போய்க் காற்றடித்து வந்து மாட்டியும் கொடுத்தார். பணம் வாங்கவில்லை. கிளம்புமுன் ஸ்டெப்னியைக் கையால் அமுக்கிப் பாருங்கள்.

சக்கரம்75, சாட்ஸ்வர்த்:

அக்கா சொன்னதில் எனக்கு ஒரு இடத்தில்தான் மாறுபாடு. சானி பாஸை முழுசாக விட வேண்டாம். உங்கள் காரில் முடியாது, ஃபோர் பை ஃபோர் இல்லாமல் ஏற விட மாட்டார்கள். ஆனால் அடிவாரத்தில் அண்டர்பெர்க், ஹிமவில் ஊர்களில் அந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அன்றைக்கே இறக்கிவிடுவார்கள். ஒரு நாள் இருந்தால் உங்கள் வீட்டுக்காரரும் பெரிய பிள்ளையும் பாஸ்போர்ட்டோடு போய் வரட்டும். உச்சி 2,800 மீட்டருக்கு மேல், ஜூலையில் வழியில் பனிக்கட்டி இருக்கும். அம்மாவுக்கு வேண்டாம், அந்தக் குலுக்கலில் முதுகு போய்விடும்.

நெல்லைப்பொண்ணு:

அக்கா, அம்மாவின் விசாவைப் பார்த்தேன், ஒரே முறைதான். நல்ல வேளை கேட்டேன். ஹில்டாப்பில் மூன்று ராத்திரி சேர்ந்தாற்போல் கிடைக்கவில்லை, இரண்டுதான். போதுமா?

மலையடிவாரம்:

தாராளமாகப் போதும். மூன்றாவது ராத்திரியை செயின்ட் லூசியாவில் சேர்த்துக்கொள்ளுங்கள், அங்கிருந்து கேப் விடல் கடற்கரைக்குக் காட்டு வழியாகவே ரோடு போகிறது. ஜூலையில் திமிங்கிலம் கடந்து போகும் நேரம். பைனாகுலர் இல்லையென்றால் சொல்லுங்கள், வரும் ஞாயிறு டர்பனுக்கு வருகிறேன், என்னுடையதைக் கொண்டுவந்து தருகிறேன்.