லாக் ஆன கட் என்று நம்பி வாங்கியவை: ஆர்ஆர், சீரியல் பிஜிஎம் அனுபவங்கள்

ரீல்நாலு:
கட், அதாவது எடிட் செய்த படம், லாக் ஆகிவிட்டது, இனி மாறாது என்று நம்பி ஆர்ஆர் (படத்தின் பின்னணி இசை) போட்டு மாட்டின கதை. குடும்பப் படம், நாலாம் ரீல் (படத்தைப் பிரித்த துண்டுகளில் நாலாவது), கூடத்துச் சண்டை. மூணு நிமிஷம் இழுத்துப் பிடித்து, அண்ணன் தம்பியை அறையும்போது தவிலும் லோ பிராஸும் சேர்ந்து ஒரே அடி. பிரிவியூவில் கை விழுந்தது, சத்தம் இல்லை. தம்பி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பின பிறகு 'டம்'. பின்வரிசையில் சிரித்துவிட்டார்கள்.

காரணம் 14 ஃப்ரேம். இசையை அனுப்பின பிறகு, அறைக்கு முந்தின ஒரு பார்வை ஷாட்டை எடிட்டர் சுருக்கியிருக்கிறார். விநாடிக்கு 24 ஃப்ரேம், ஆக அது 0.58 விநாடி. புது கட் மிக்ஸிங்குக்குப் போனது, மியூசிக் ரூமுக்குப் போகவில்லை. சொல்லியிருந்தால் பத்து நிமிஷ வேலைதான். அந்தக் க்யூ (ஒரு காட்சிக்கான இசைத் துண்டு) 96 பிபிஎம், அதாவது நிமிஷத்துக்கு 96 பீட். ஒரு நிமிஷத்துக்கான 1440 ஃப்ரேமை 96-ஆல் வகுத்தால் பீட்டுக்கு 15 ஃப்ரேம். அறைக்கு முன்னால் ஏதாவது ஒரு 4/4 பாரை (நாலு பீட் சுற்று) 3/4 ஆக்கினால் 15 ஃப்ரேம் கழியும். மிச்சம் ஒரு ஃப்ரேம் இசை முந்தும். அதை அப்படியே விடக் கூடாது. படத்துக்கு முன்னால் வரும் சத்தம் கண்ணை உறுத்தும், ஒரு ஃப்ரேம் பின்னால் வந்தால் யாருக்கும் தெரியாது. அடிக்கு முன்னால் நீளும் ஸ்ட்ரிங்ஸை 42 மில்லி விநாடி கூட நீட்டி க்ராஸ்ஃபேட் போட்டால் முடிந்தது.

இப்படி மாட்டினவங்க எழுதுங்க.

நாலரைக்கட்டை:
14 ஃப்ரேமுக்கே இவ்வளவா? ஒரு ரீல் முழுக்க 48 விநாடி காணாமல் போனதைக் கேளுங்கள். 24 ஃப்ரேமில் எடுத்த 20 நிமிஷ ரீல். பார்ப்பதற்கு என்று வந்த வீடியோவை யாரோ 25-இல் எக்ஸ்போர்ட் செய்துவிட்டார்கள். ஃப்ரேம் எதுவும் குறையவில்லை, ஓட்டம்தான் வேகம், ரீல் 19 நிமிஷம் 12 விநாடியாகிவிட்டது. மொத்த ஆர்ஆரும் அந்த நீளத்துக்கு. மிக்ஸிங்கில் வைத்தால் முதல் க்யூ சரி, இரண்டாவது சந்தேகம், ஆறாவதில் கல்யாண நாதஸ்வரம் ஆஸ்பத்திரிக் காட்சியில் வாசிக்கிறது.

இதைச் சரிசெய்ய இசையை 4 சதவீதம் இழுத்தார்கள். சுருதி 0.7 செமிடோன் இறங்கியது, அதாவது அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவு. பாடகி நாலரைக் கட்டையில் பாடினது இப்போது நாலுக்கும் நாலரைக்கும் நடுவில், எந்தச் சுருதிப்பெட்டியிலும் சேராத இடத்தில் நிற்கிறது. பின்னால் யார் ஒரு தம்புரா சேர்த்தாலும் அபஸ்வரம்தான்.

ரீல்நாலு சொன்ன 1440 கணக்கு 24 ஃப்ரேமுக்கு மட்டும். சீரியல் 25 என்றால் 1500-ஐ வகுக்க வேண்டும். 96 பிபிஎம்முக்கு 15.625 வரும், முழு எண் கிடையாது. 100 என்றால் சரியாக 15. சீரியலுக்கு டெம்போ பிடிக்கும்போதே 100, 125, 75 மாதிரி எடுத்தால் பின்னால் வெட்ட வசதி.

ஃபைல் வந்ததும் மூன்றைப் பாருங்கள். ஃப்ரேம் ரேட் 24-ஆ, 23.976-ஆ, 25-ஆ (23.976-க்கும் 24-க்கும் 20 நிமிஷ ரீலில் 1.2 விநாடி வித்தியாசம்; இதுதான் கடைசி வரை கண்ணில் படாமல் போவது). ரீல் தொடக்கத்தில் லீடர் (படத்துக்கு முன் ஓடும் எண்ணிக்கைப் பகுதி) இருக்கிறதா. படம் டைம்கோடு (மணி:நிமிஷம்:விநாடி:ஃப்ரேம்) 04:00:08:00-இல் தொடங்கினால் பாப் (படமும் சத்தமும் சேர்கிறதா பார்க்க வைக்கும் 'பிப்') 04:00:06:00-இல், ஒரே ஒரு ஃப்ரேம் நீளத்துக்குக் கேட்கிறதா. கடைசி ஃப்ரேமின் டைம்கோடை எடிட்டர் எழுதிக் கொடுத்ததோடு ஒப்பிடுங்கள். தொடக்கம் சேர்ந்து முடிவு சேரவில்லை என்றால் ரேட் தகராறு. இரண்டும் ஒரே அளவு தள்ளியிருந்தால் லீடர் தகராறு.

மிக்ஸ்மேசை:
எடிட்டர்களை மட்டும் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். மியூசிக் ரூமிலிருந்து என்ன வருகிறது தெரியுமா? ஆறு ரீலுக்கும் ஒரே ஸ்டீரியோ எம்பி3, லிமிட்டரில் (உச்சச் சத்தத்தை அடக்குவது) நசுக்கி. கதாநாயகி மருந்துச்சீட்டைப் படித்து முணுமுணுக்கும் காட்சி; அவள் குரல் இருக்கும் அதே ஸ்தாயியில் புல்லாங்குழல். இயக்குநருக்கு அந்தக் குழல்தான் உயிர், வசனமும் கேட்க வேண்டும். குழலைத் தனியாக இறக்க வழியில்லை, எல்லாம் ஒரே ட்ராக்கில் ஒட்டியிருக்கிறது. கடைசியில் மொத்த இசையும் 6 டெசிபெல் இறங்கியது. குழலோடு காட்சியின் அடித்தளமும் போனது.

ஸ்டெம் (வாத்திய வகைவாரியான தனி ஃபைல்) பிரிப்பது பெரிய வித்தை இல்லை. தாளம், பேஸ், ஸ்ட்ரிங்ஸ், பிராஸ், பேட்-சிந்த், தனி வாத்தியம், குரல், ஏழோ எட்டோ போதும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ். எல்லா ஸ்டெமும் ஒரே இடத்தில் தொடங்க வேண்டும், இரண்டாவது நிமிஷத்தில்தான் குழல் வருகிறது என்றாலும் அதற்கு முன் மௌனத்தோடு. ரிவெர்ப் (எதிரொலி) அந்தந்த ஸ்டெமுக்குள்ளேயே. மாஸ்டரில் (எல்லாம் சேரும் கடைசி ட்ராக்) கம்ப்ரஸரும் லிமிட்டரும் போட்டுக் கேட்டுப் பழகினவர்கள் அதை எடுத்துவிட்டுப் பிரித்தால், எட்டையும் சேர்த்துப் போடும்போது பழைய மிக்ஸ் மாதிரி இருக்காது. அனுப்பும் முன் புது செஷனில் (ரெக்கார்டிங் மென்பொருள் ஃபைல்) எட்டையும் ஜீரோவில் வைத்து ரெஃபரன்ஸ் மிக்ஸோடு ஒத்துப் பாருங்கள். எழுதும்போதே மாஸ்டரைக் காலியாக வைத்தால் இந்த வேலையே இல்லை. 44.1 கிலோஹெர்ட்ஸில் வந்த ஒரு சோலோவை மாற்றாமல் 48 செஷனில் போட்டு, வயலின் ஒன்றரை செமிடோன் ஏறி வேகமாக ஓடினதும் உண்டு. அதை 'புது சவுண்ட்' என்று ரசித்தார்கள் என்பது தனிக் கதை.

வசனக் காட்சிக்கு எழுதும்போது வசனத்தைப் போட்டுக்கொண்டே எழுதுங்கள். மெலடி வாக்கியத்துக்கு நடுவில் வராமல், பேசி நிறுத்தும் இடைவெளியில் வரட்டும். குரலுக்குக் கீழே செல்லோ, மேலே மிக உயரத்தில் வயலின் ஹார்மோனிக்ஸ், நடுவில் காலி. எந்த மிக்ஸ் இன்ஜினியரும் உங்கள் இசையை இறக்கக் கை வைக்க மாட்டார்.

மூடுபேங்க்:
சினிமாக்காரர்களுக்கு லாக் ஆகாத கட் வருத்தம். தினசரி சீரியலில் கட் பார்ப்பதே கிடையாது. இசைத் துண்டுகளை முன்கூட்டியே ஒரு பேங்காகக் கொடுத்துவிடுவோம், எடிட்டர் எடுத்துப் போடுவார்; ஒவ்வொரு துண்டும் ஒரு மூடு. மாமியார் விஷப் பால் கொண்டுவரும் காட்சியில் ஹீரோயின் பிறந்தநாள் மூடு ஒலித்ததைப் பார்த்திருப்பீர்கள். இசையமைப்பாளரை மீம் போட்டார்கள். அவர் என்ன செய்வார்? ஃபைலுக்குப் பெயர் 'ஃபைனல் 3 நியூ'. ராத்திரி ரெண்டு மணிக்கு எடிட்டர் இழுத்து வைத்துவிட்டார்.

பேங்க் கொடுப்பது நாற்பது ஐம்பது மூடு. பெயரிலேயே பாத்திரம், உணர்ச்சி, சுருதி, டெம்போ, நீளம் இருக்கட்டும்: 'வில்லி_சந்தேகம்_டி மைனர்_75_0.48'. ஒவ்வொன்றுக்கும் நாலு வடிவம்: முழுசு, தாளம் இல்லாதது, மெலடி இல்லாதது, 3 விநாடி அடி. எடிட்டர் அதிகம் எடுப்பது மெலடி இல்லாததைத்தான். லூப் வைக்கிறதானால் பாரில் சரியாக வெட்டி, ரிவெர்ப் வாலைத் தனி ஃபைலாகக் கொடுங்கள். இல்லாவிட்டால் லூப் திரும்பும் இடத்தில் 'டப்' என்று கேட்கும். ஒரு பாத்திரத்து மூடுகளை ஒரே சுருதியிலோ உறவுச் சுருதியிலோ வைத்தால் எந்த இரண்டை ஒட்டினாலும் சேரும்.

கொன்னக்கோல்:
ஸ்கோப்யே, புடாபெஸ்ட் என்று வெளிநாட்டு ஆர்க்கெஸ்ட்ராவில் ஸ்ட்ரிங்ஸ் ரிமோட்டில் எடுக்கிறவர்களுக்கு. மூன்று மணி நேர ரெக்கார்டிங், நேரத்துக்குக் காசு. முதல் டேக், கண்டக்டர் கையைத் தூக்குகிறார், ஆர்க்கெஸ்ட்ரா தொடங்குகிறது, சென்னையில் ஸ்பீக்கரில் கேட்டால் க்ளிக் (தாளத்துக்கான 'டிக்' சத்தம்) ஒரு பக்கம், வாசிப்பு ஒரு பக்கம். காரணம்: செஷன் ஃபைலில் இரண்டு பார் கவுண்ட்-இன் (தொடங்கும் முன் எண்ணுவது) இருக்கிறது, நோட்டேஷனில் அது இல்லை. செஷனின் 17-ஆம் பார் தாளில் 15. 'பதினேழிலிருந்து' என்று இங்கே சொல்ல, அவர்கள் தாளில் உள்ள 17-ஐ எடுக்க, இருபது நிமிஷம் போனது.

பார் எண் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும், கவுண்ட்-இன்னையும் காலி பாராக நோட்டேஷனில் போட்டுவிடுங்கள். டெம்போ மேப்பை (எந்த பாரில் என்ன வேகம்) மிடி ஃபைலாக, க்ளிக்கை ஆடியோவாக, இரண்டுமே அனுப்புங்கள். ஹார்ன் எஃப்-இல், கிளாரினெட் பி ஃப்ளாட்டில் மாற்றி எழுதியிருக்கிறதா பாருங்கள். முதலில் பெரிய செக்ஷன் எல்லாரும் வாசிக்கும் க்யூக்கள், சின்னது கடைசியில். மூன்று மணி நேரத்தில் முடிந்த இசை 10 முதல் 15 நிமிஷம் என்று வைத்தால் மூச்சு விடலாம்.

கமகத்தைப் (சுரத்தை அசைப்பது) பற்றி ஒரு வரி. தோடி ராகத்துக் காந்தாரத்தைச் சுரமாக எழுதிக் கொடுத்தால் அவர்கள் எழுதினபடி நேராக வாசிப்பார்கள், தப்பே இல்லை, தோடியும் இல்லை. அசைவை முழுக்க கிரேஸ் நோட்டில் (சுரத்தோடு ஒட்டி எழுதும் சின்னச் சுரம்) எழுதினால் பதினாறு வயலின் பதினாறு விதமாக அசையும். அந்த வரியைச் சென்னையில் ஒரு தனி வயலினில் எடுத்துவிட்டு, ஆர்க்கெஸ்ட்ராவுக்குக் கீழே நீளும் சுரங்களை மட்டும் கொடுப்பதே பலிக்கிற வழி.

இடையிசை:
எல்லாரும் டெக்னிக்கல். பணம்? ஒரு சீரீஸ் ஓடிடியிலும் டிவியிலும் ஓடிக்கொண்டே இருக்கிறது, பிஜிஎம்முக்கு ராயல்டி பூஜ்யம். பேக்கேஜில் (எல்லாச் செலவும் அடங்கின மொத்தத் தொகை ஒப்பந்தம்) கையெழுத்துப் போட்டாச்சு, எல்லாம் தயாரிப்பாளருக்குத்தான், கேட்டுப் பயனில்லை.

வரிக்குவரி:
இடையிசை, அது 1977 நிலவரம். பணம் கொடுத்து எழுதச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அப்போது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, படத்தில் சேர்ந்த இசைக்கான ராயல்டி பங்கை இசையமைப்பாளர் எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. உரிமை வாங்கினவரோடு சமபங்கு. சட்டபூர்வ வாரிசுக்கோ, வசூலித்துப் பகிரும் காப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும் கொடுக்கலாம். விலக்கு ஒன்றுதான், தியேட்டரில் படத்தோடு சேர்ந்து ஓடுவது. சட்டத்தில் 'இசைப் படைப்பு' என்றுதான் இருக்கிறது, பாட்டு என்று இல்லை. பிஜிஎம்மும் அதில் அடக்கம்.

பூஜ்யம் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் க்யூ ஷீட். அந்தக் காப்புரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ்-இல் உறுப்பினர் ஆனால் மட்டும் போதாது, எந்தப் படைப்பு எங்கே எத்தனை விநாடி ஓடியது என்ற தாள் வேண்டும். எபிசோட் பெயர், க்யூ எண் (4எம்7 என்றால் நாலாம் ரீல், ஏழாவது இசை), டைட்டிலா பின்னணியா திரையில் பாடுவதா என்ற வகை, நீளம், இசையமைப்பாளர் பெயர், ஐபிஐ எண் (அவரை அடையாளம் காட்டும் எண்), பங்கு சதவீதம். தயாரிப்புத் தரப்பு எழுதும் என்று விட்டால் 'பின்னணி இசை, 38 நிமிஷம்' என்று ஒரே வரி வரும், சில சமயம் இனிஷியல் மாறி இன்னொருவர் கணக்குக்குப் போகும். ஸ்டெம் அனுப்பும் அன்றே, செஷனின் மார்க்கர்களிலிருந்து நீங்களே தயார் செய்து அனுப்புங்கள், பிரதி வைத்துக்கொள்ளுங்கள். புரோகிராமருக்கோ (கம்ப்யூட்டரில் இசையைக் கோத்துத் தருபவர்) 'கூடுதல் பின்னணி இசை' எழுதினவருக்கோ பங்கு உண்டு என்றால் அதையும் அதே தாளில். படம் ஓடின பிறகு பேசினால் நட்பு போகும்.

பேக்கேஜ் என்பது வேறு பிரச்சினை. பத்து லட்சம் என்று பேசினால் வாத்தியக்காரர் கால்ஷீட், பாடகர், ஸ்டுடியோ, மிக்ஸிங், மாஸ்டரிங் எல்லாம் அதற்குள். அதில் டிடிஎஸ் (முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) 10 சதவீதம் பிடித்து ஒன்பதுதான் கைக்கு வரும், செலவோ முழுத் தொகைக்கு ஓடும். பிடித்தது உங்கள் வரியில் கழியும், மிஞ்சினதுதான் ரிட்டர்ன் போட்ட பிறகு திரும்பும். எத்தனை பாட்டு, எத்தனை நிமிஷ ஆர்ஆர், கட் மாறினால் எத்தனை முறை இலவசம், லைவ் வாத்தியம் எத்தனை கால்ஷீட் வரை, இந்த நாலும் எண்ணாக எழுதப்படாத பேக்கேஜ் உங்கள் சம்பளத்தைத் தின்றுவிடும். ரீல்நாலு சொன்ன 14 ஃப்ரேமும் இந்த மூன்றாவது எண்ணுக்குள் வர வேண்டியதுதான்.

இடையிசை:
சரி அண்ணா. அப்போ கடைசிப் பணம் வரும் வரை ஸ்டெம்மைப் பிடித்து வைக்கலாமா?

மிக்ஸ்மேசை:
கூடாது. மிக்ஸ் தேதி குறித்த பிறகு பிடித்தால் மாட்டுவது நாங்கள்தான்.

வரிக்குவரி:
பிடிக்க வேண்டாம் தம்பி. பாட்டு முடிந்ததும் ஒரு பங்கு, முதல் மூன்று ரீல் ஆர்ஆருக்கு ஒரு பங்கு, மீதி ரீலுக்கு ஸ்டெம் அனுப்பும் முந்தின நாள் ஒரு பங்கு என்று முன்னாலேயே எழுதுங்கள். ரிலீஸுக்குப் பிறகு என்று விடுவது பத்து சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. மிக்ஸ்மேசையின் தேதியையும் அந்தத் தாளிலேயே போட்டுவிடுங்கள், அவசரம் அவர்களுக்கும் இருக்கட்டும்.