மறுமொழி: ‘எரியும்’, ‘தீப்பற்றும்’ இரண்டும் ஒன்றா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

குறுகிய ரயில் பாதையில் (நேரோ கேஜ், தண்டவாளங்களுக்கு இடையே அகலம் குறைந்தது) எரிபொருள் ஏற்றிச் செல்வது பற்றிய பாதுகாப்புப் பாடம், தொழிற்பயிற்சி மாணவர்களுக்கானது, திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அதற்கான கலைச்சொற்களில் நாம் இன்னும் முதல் சொல்லிலேயே, ‘flammable liquid’ என்பதிலேயே, நிற்கிறோம்.

> ‘எரிபொருள்’ இருக்கையில் ‘தீப்பற்றும்’ எதற்கு?

ஐயா, எரிபொருள் வினைத்தொகை. எரிந்த, எரிகின்ற, எரியும் எல்லாம் அதற்குள் அடக்கம். நிலக்கரியும் எரிபொருள்தான், அது திறந்த வேகனிலேயே போகிறது. பெட்ரோலை அப்படி அனுப்ப முடியுமா? உறைகுளிரிலும் அது ஆவி விடும்; தீ பிடிப்பது அந்த ஆவியில்தான். டீசலுக்கு அதற்கு நல்ல சூடு வேண்டும். பெட்ரோலியச் சட்டம் 23 டிகிரி செல்சியசுக்குக் கீழேயே ஆவி பற்றக்கூடியதைத் தனி வகுப்பாக்கியிருப்பதும் இதனால்தான்.

நேற்று வகுப்பில் பாம்பன் பையன் ஒருவன், அப்பாவுக்கு வள்ளம் இருக்கிறது, எழுந்து சொன்னான்: “டீசல் எரியும் சார், பெட்ரோல் பத்திக்கும்.” எனக்கு அதற்கு மேல் சான்று வேண்டாம். பற்றிக்கொள்ளும் என்பதுதான் பத்திக்கும்.

> ‘பற்று’ துறவியல் சொல். 350ஆம் குறளைப் பாருங்கள்.

பார்த்தேன், ‘பற்றுக பற்றற்றான் பற்றினை’. பிடித்ததை விடாதிருப்பதுதான் அங்கேயும் பொருள். தீ அதைத்தானே செய்கிறது? எண்ணெய் என்றால் எள்+நெய், மண்ணெண்ணெய்யில் எள் எங்கே என்ற கேள்வி சுவையானதுதான், அதற்குத் தனி இழை தொடங்குவோம்.

நேரோ கேஜுக்குச் சொல்லப்பட்ட ‘குறும்பாதை’யை நான் ஏற்கவில்லை. மாணவன் தூரம் குறைவு என்றே படிப்பான். நண்பர் ஒருவர் நம் பாம்பன் பாதையையும் அதில் சேர்த்துவிட்டார். 2007இல் அகலப்பாதை ஆகும்வரை அது மீட்டர் கேஜ், 1000 மி.மீ. நேரோ கேஜ் என்பது 762, 610. அந்த அகலத்தில் அரைத் தொட்டி பெட்ரோல் வளைவில் ஒரு பக்கம் சாய்ந்தால் வேகனும் சாயப் பார்க்கும். இதற்கு ‘தளும்பல்’ என்று எழுதியிருக்கிறேன், யாரும் மறுக்கவில்லை. நிறைகுடம் தளும்பாதுதான், ஆனால் தொட்டியை விளிம்புவரை நிறைக்கவும் கூடாது. நம் ஊர் வெயிலில் பெட்ரோல் விரியும், அதற்கு மேலே இடம் விட வேண்டும்.

‘தீப்பற்றும் நீர்மம்’ என்பதற்கு இதுவரை நான்கு பேர் இசைவு. ஐயாவின் ‘கனல்நெய்’ அடிக்குறிப்பில் வரும். ‘குறுகிய பாதை’ அப்படியே இருக்கட்டும். ‘டேங்க் வேகன்’ மட்டும் நெருடுகிறது. ‘தொட்டிவண்டி’ என்றால் தண்ணீர் லாரிதான் நினைவுக்கு வருகிறது. ஞாயிறு இரவுக்குள் வேறு சொல் கிடைத்தால் எழுதுங்கள்.

உச்சிப்புளியிலிருந்து