39 ஷாட்டில் 362, அப்புறம் டிஸ்குவாலிஃபை: இது நியாயமா?

குறிவட்டம்:
போன ஞாயிறு ஒரு கிளப் போட்டியில் நடந்தது. என் அக்கா மகனுக்கு 14 வயது. 10 மீட்டர் ஏர் பிஸ்டல், 40 ஷாட். 39 சுட்டு 362 எடுத்திருந்தான். நாற்பதாவது பெல்லட்டை (சின்ன ஈயக் குண்டு) போட்டுக் கையைத் தூக்கும்போது 'ஸ்டாப்' சொல்லிவிட்டார்கள். பதற்றத்தில் அப்படியே பிஸ்டலைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டான். ரேஞ்ச் ஆபீசர் வந்து பெட்டியைத் திறக்கச் சொன்னார். சேஃப்டி ஃப்ளாக் (துப்பாக்கி காலி என்று காட்டக் குழாய்க்குள் செருகும் ஆரஞ்சுக் கயிறு) இல்லை, உள்ளே பெல்லட் இருந்தது. அவ்வளவுதான், வெளியே அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் இடம் போனது கிடக்கட்டும், பையன் இரண்டு நாளாகச் சரியாகப் பேசவில்லை. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளூர்ப் போட்டி, அதுவும் காற்றுத் துப்பாக்கி. ஒரு எச்சரிக்கை போதாதா?

ஹோல்ஸ்டர்:
போதாது. நான் சுடுவது ஐ.பி.எஸ்.சி. (சர்வதேச நடைமுறைத் துப்பாக்கிச் சுடல் கூட்டமைப்பு) வகைப் போட்டிகளில். துப்பாக்கியோடு ஓடி, திரும்பி, மேகசின் மாற்றிச் சுடுவோம். அங்கே ரேஞ்ச் ஆபீசர் கூடவே வருவார். சுட்டு முடித்ததும் அன்லோட் செய்து காலி சேம்பரை (குண்டு உட்காரும் அறை) அவருக்குக் காட்ட வேண்டும். அவர் பார்த்துத் திருப்தியான பிறகு, மண்மேட்டைப் பார்த்தபடி டிரிகரை ஒருமுறை இழுத்துவிட்டுத்தான் உறையில் வைக்க வேண்டும். இடம் மாறும்போது விரல் டிரிகர் கூண்டுக்குள் இருந்தாலோ, குழாய் முனை அனுமதித்த கோணத்தைத் தாண்டினாலோ வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எத்தனை வருட அனுபவம் என்றெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள். நானே ஒருமுறை போயிருக்கிறேன். அன்று முழுக்க மற்றவர்களுக்கு டார்கெட் ஒட்டிக் கொடுத்தேன்.

பழையகுழல்:
இந்த ஃப்ளாக் எல்லாம் நேற்று வந்தது தம்பி. நாங்கள் சுட்ட காலத்தில் போல்ட்டை (குழாயின் பின்பக்க அடைப்பு) திறந்து வைத்தால் முடிந்தது கதை. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. விதி கூடக் கூட, பிள்ளைகள் டார்கெட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஆபீசர் முகத்தைப் பார்க்கிறார்கள்.

மஞ்சள்அட்டை:
குறிவட்டம் சார், நான் பல சின்னப் போட்டிகளில் ரேஞ்ச் ஆபீசராக நின்றவன். கோபப்படாமல் படியுங்கள்.

ஃப்ளாக் என்பதைப் பலர் அலங்காரமாக நினைக்கிறார்கள், அது ஒரு சோதனைக் கருவி. ஏர் பிஸ்டலுக்கும் ஏர் ரைஃபிளுக்கும் அது குழாயின் முழு நீளத்துக்கும் இருக்க வேண்டும் என்று ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேசத் துப்பாக்கிச் சுடல் விளையாட்டுக் கூட்டமைப்பு) விதி சொல்வது இதற்காகத்தான். பின்னாலிருந்து விட்டால் முன்னால் ஆரஞ்சு நுனி தெரிய வேண்டும். உள்ளே பெல்லட் இருந்தால் கயிறு அங்கேயே முட்டி நிற்கும், நுனி வெளியே வராது. உங்கள் பையன் ஃப்ளாக் போட முயன்றிருந்தாலே பெல்லட் இருப்பது அவனுக்கே தெரிந்திருக்கும். கையைத் தூக்கி 'உள்ளே ஒன்று இருக்கிறது' என்று சொன்னால், சுட்டுக் காலி செய்ய நாங்களே அனுமதி தருவோம். அதற்கு ஒரு புள்ளியும் குறையாது.

'காற்றுத் துப்பாக்கிதானே' என்பதைக் கேட்டாலே எனக்கு வயிறு கலங்கும். 4.5 மில்லிமீட்டர் ஈயம், நொடிக்கு ஏறத்தாழ 150 மீட்டர். தொடையில் பட்டால் தப்பிக்கலாம், கண்ணில் பட்டால் கண் போய்விடும். ஏர் பிஸ்டலில் டிரிகர் எடை குறைந்தது 500 கிராம் இருந்தால் போதும். வீட்டில் பெட்டியைத் திறக்கும் தங்கச்சி விரலுக்கு அது ஒரு எடையே இல்லை.

குறிவட்டம்:
வீட்டில் தங்கச்சி இருக்கிறாள், உண்மைதான். ஆனால் நீங்கள் பேசும் அதே விதியை நானும் தேடிப் படித்தேன். ஆபீசர் பார்க்கும் முன் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்தால் தகுதிநீக்கம் செய்யலாம் என்றுதான் இருக்கிறது. 'செய்யலாம்', 'செய்தே ஆக வேண்டும்' இல்லை. அதுவும் பெரிய பாதுகாப்பு மீறல் என்று ஜூரி முடிவு செய்தால்தான். இங்கே ஜூரி எங்கே? ஒரே ஆள் பார்த்தார், அவரே தீர்ப்பும் சொன்னார். எச்சரிக்க மஞ்சள் அட்டை, புள்ளி குறைக்கப் பச்சை அட்டை, வெளியேற்றச் சிவப்பு என்று படிப்படியாக வைத்திருப்பது எதற்கு? நேராகச் சிவப்புக்குத் தாவினால் மற்ற இரண்டும் சட்டைப் பையில் எதற்கு?

நடுப்புள்ளி:
அண்ணா கேட்பதில் பாதி சரி. நானும் அதே போட்டியில் முதல் ரிலேயில் (ஒரே நேரத்தில் சுடும் குழு) சுட்டேன் (கிளப் பெயர் வேண்டாம்). எங்களுக்குப் பத்து நிமிடம் விளக்கம் கொடுத்தார்கள்: எந்தக் கட்டளைக்கு என்ன செய்ய வேண்டும், பெல்லட் மிஞ்சினால் என்ன, டிரை ஃபயர் (குண்டில்லாமல் டிரிகர் இழுப்பது) எங்கே செய்யலாம், எல்லாமே. மூன்றாவது ரிலே வரும்போது நேரம் ஓடிவிட்டது, 'எல்லாருக்கும் தெரியும்தானே' என்று ஆரம்பித்துவிட்டார்கள். உங்கள் பையன் மூன்றாவது ரிலேதானே?

இன்னொன்று. பெரியவர் ஒருவர் ஃப்ளாக் இல்லாத ரைஃபிளைத் தோளில் போட்டுக்கொண்டு பார்வையாளர் நாற்காலிகள் பக்கமாக நடந்து போனார். அவரிடம் சிரித்துக்கொண்டே 'சார், ஃப்ளாக்' என்று மட்டும் சொன்னார்கள். 14 வயதுப் பையனுக்குச் சிவப்பு, அவருக்குச் சிரிப்பு. எனக்கு ஆத்திரம் இந்த இடத்தில்தான்.

மஞ்சள்அட்டை:
நடுப்புள்ளி மேடம் சொன்னது நடந்திருந்தால் அது ஆபீசர் தவறு, மழுப்ப மாட்டேன். சின்னப் போட்டியில் இதுதான் பெரிய சிக்கல். மாநிலப் போட்டியில் நடுவருக்கு எதிரே நிற்பவர் அந்நியர். இங்கே நிற்பது நமக்குச் சுடக் கற்றுக் கொடுத்தவர், இல்லை அவருடைய மகன். வாய் திறக்கும், வார்த்தை வராது. நானும் அப்படி விழுங்கியிருக்கிறேன்.

ஆனால் குறிவட்டம் சார், படி ஏறுவது வேறு விஷயங்களுக்கு. அடுத்தவரைத் தொந்தரவு செய்தால் படிப்படியாகப் போகலாம். லோட் ஆன துப்பாக்கி சுடும் கோட்டிலிருந்து கிளம்புவதற்கு முதல் படி என்று ஒன்று கிடையாது. ஜூரி இல்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். குறைந்தது மூன்று பேர் சேர்ந்து முடிவு செய்திருக்க வேண்டும்.

ஹோல்ஸ்டர்:
@பழையகுழல் ஐயா, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லையா? பாயிண்ட் 22 (0.22 அங்குலக் குண்டு) பிஸ்டலில் குழாய் வீங்கிய கதையை நீங்கள்தானே வேறு ஒரு இழையில் எழுதினீர்கள்?

பழையகுழல்:
மாட்டிவிட்டாயே. சரி, சொல்கிறேன். 25 மீட்டர், வேகச் சுற்று. ஒரு ஷாட் 'பட்' என்று வராமல் 'புஸ்' என்றது. டார்கெட்டிலும் ஓட்டை இல்லை. தவறவிட்டேன் என்று நினைத்து அடுத்ததைச் சுட்டேன். முதல் குண்டு குழாய் நடுவில் மாட்டியிருந்தது, இரண்டாவது அதன் முதுகில் போய் இடித்தது. குழாயைத் தடவினால் ஒரு இடத்தில் மோதிரம் போட்டதுபோல் மேடு. கைக்கு ஒன்றும் ஆகவில்லை, பிஸ்டல்தான் போனது. பக்கத்துக் கோட்டில் நின்றவன் சத்தம் மாறியதைக் கேட்டிருக்கிறான். ஆனால் 'ஸ்டாப்' சொல்ல ஆபீசருக்குத்தான் உரிமை என்று வாயை மூடிக்கொண்டு நின்றான்.

நடுப்புள்ளி:
அதுதான் விளக்கத்தில் முதலில் சொல்ல வேண்டியது. ஆபத்தைப் பார்த்தால் கோட்டில் நிற்கும் யாரும் 'ஸ்டாப்' என்று கத்தலாம். டிரிகர் இழுத்தும் வெடிக்காவிட்டால் துப்பாக்கியை டார்கெட் பக்கமே பிடித்துக்கொண்டு 30 நொடி பொறுக்க வேண்டும், உடனே போல்ட்டைத் திறந்து எட்டிப் பார்க்கக் கூடாது. இதை எத்தனை பேருக்குச் சொல்கிறோம்?

சொல்ல வந்துவிட்டேன், இதையும் சொல்லிவிடுகிறேன். பாயிண்ட் 22 ரைஃபிள் சுடும் கொட்டகையில் பார்வையாளர்களுக்குக் காதடைப்பான் இல்லை. குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர் போட்டோ எடுக்கிறார். துப்பாக்கிச் சத்தம் 140 டெசிபலைத் தாண்டினால் ஒரே ஷாட் காதைக் கெடுக்கலாம். பெல்லட் தொட்ட கையோடு பிஸ்கட் சாப்பிடும் பிள்ளைகள் வேறு. அது ஈயம். கை கழுவக் குழாயடி எங்கே என்று ஒரு அம்பு போட்ட அட்டைகூட இல்லை.

குறிவட்டம்:
நேற்று இரவு பையனிடம் இந்த இழையைக் காட்டினேன். 'மாமா, ஃப்ளாக் என்னிடம் இருந்தது. ஆனால் அது குட்டை, பின்னால் செருகினால் நின்றுவிடும்' என்றான். எடுத்துப் பார்த்தேன். இரண்டு விரல் நீளம், நான் வாங்கிக் கொடுத்ததுதான். அதைப் போட்டிருந்தாலும் குழாயின் மறுமுனையில் ஒன்றும் தெரிந்திருக்காது. சோதனையின்போது அதை யாரும் பிடித்துக் கேட்கவில்லை என்ற குறை எனக்கு இன்னும் இருக்கிறது. மூன்றாவது ரிலேக்கு விளக்கம் கொடுக்காததைப் பற்றிக் கிளப்புக்கு எழுதத்தான் போகிறேன், முடிவை மாற்றக் கேட்டு அல்ல.

அப்புறம் ஒரு கேள்வி. புல் வெட்டும் இயந்திரத்துக்குப் போடும் ஆரஞ்சு நைலான் கயிற்றை வெட்டி ஃப்ளாக் செய்யலாம் என்கிறார்களே, எந்தத் தடிமன்?

மஞ்சள்அட்டை:
2.4 மில்லிமீட்டர் போதும். 3 மில்லிமீட்டரும் போகும். சுருளிலிருந்து வருவதால் வளைந்தே இருக்கும், சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு நேராக்கிக் காயவையுங்கள். இரண்டு பக்கமும் நன்றாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டுங்கள்.

குறிவட்டம்:
நான்கு வெட்டுகிறேன். ஒன்று அந்த ரைஃபிள் பெரியவருக்கு.