மால்போர்க் விமானத் தளம்: 41-ஆ, 22-ஆ? எந்தப் பெயரைப் போடுவது?

ஒட்டும்பசை:
வணக்கம் நண்பர்களே. 1:72 அளவில் போலந்து விமானப்படையின் மிக்-29 போர் விமான மாதிரி ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன். பெயின்ட் முடிந்துவிட்டது, டீக்கால் (எண், முத்திரை அச்சிட்ட ஒட்டுப்படம்) ஒட்டுவதுதான் பாக்கி. விமானத்தின் எண் 41 என்று தொடங்கும் நான்கு இலக்கம். பெட்டியோடு வந்த தாளில் '41-வது டாக்டிகல் ஸ்குவாட்ரன், மால்போர்க்' என்று இருக்கிறது. பழைய இதழ் ஒன்றில் போலந்தின் அதே ஊருக்கு '41-வது போர் விமான ரெஜிமென்ட்' என்று போட்டிருக்கிறார்கள். இணையத்தில் தேடினால் '22-வது டாக்டிகல் விமானத் தளம்' என்று வருகிறது. மூன்றும் ஒன்றா, இல்லை ஒரே ஊரில் மூன்று படைகளா? அடிப்பலகையில் பித்தளைத் தகடு வைத்துப் பெயர் பொறிக்கப் போகிறேன், ஒருமுறை பொறித்தால் பொறித்ததுதான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ராடார்:
மூன்றும் சரிதான் நண்பரே, ஆண்டு மட்டும் வேறு வேறு. இதில் எனக்கு ரொம்ப நாள் ஈடுபாடு உண்டு, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ரெஜிமென்ட். 41-வது ரெஜிமென்ட் 1952-ல் உருவானது. போலந்து அப்போது சோவியத் முறையைத்தான் பின்பற்றியது: ரெஜிமென்ட்தான் அடிப்படை அலகு, அதற்குள் சில ஸ்குவாட்ரன்கள் (சிறிய விமானப் பிரிவுகள்). எந்தப் படை என்று கேட்டால் ரெஜிமென்டின் எண்ணைத்தான் சொல்வார்கள். உங்கள் பழைய இதழ் இந்தக் காலத்தைப் பேசுகிறது.

1999 மார்ச் 12-ல் போலந்து நேட்டோவில் சேர்ந்தது. விமானங்களின் எண்ணிக்கை ஏற்கெனவே குறைந்துகொண்டே வந்திருந்தது, அத்தனை ரெஜிமென்டுகளையும் வைத்துக்கொள்ள வழியில்லை, நேட்டோ நாடுகளோ ஸ்குவாட்ரனை அலகாக வைத்துத்தான் பேசுகின்றன. அதனால் ரெஜிமென்டுகளைக் கலைத்தார்கள். மால்போர்க்கில் 2001-ல் அது நடந்தது. ஒரே ரெஜிமென்டாக இருந்தது இரண்டு தனி அமைப்புகளாகப் பிரிந்தது: பறக்கிற வேலைக்கு 41-வது ஸ்குவாட்ரன், ஓடுபாதை, எரிபொருள், காவல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு 22-வது விமானத் தளம். அதாவது பழைய 41 பறக்கிறவர்களோடு போய்விட்டது, நிலத்துக்குப் புது எண் வந்தது. உங்கள் குழப்பம் முழுக்க இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

இது மால்போர்க்கின் கதை மட்டுமில்லை. வார்சாவுக்குக் கிழக்கே மின்ஸ்க் மாசோவியெட்ஸ்கியில் (பெலாரஸ் தலைநகர் மின்ஸ்க் வேறு, இது வேறு) 1943-ல் தொடங்கிய 1-வது ரெஜிமென்ட் இருந்தது. அதுவும் இதே போல 1-வது ஸ்குவாட்ரன், 23-வது தளம் என்று பிரிந்தது. பொஸ்னானுக்குப் பக்கத்தில் க்ஷெசினியில் 3-வது ஸ்குவாட்ரனும் 31-வது தளமும்.

ஒரே வேலிக்குள் இரண்டு தளபதிகள் இருப்பது எவ்வளவு சிரமம் என்று யோசித்துப் பாருங்கள். விமானம் ஒருவர் பொறுப்பு, அது நிற்கிற தரை இன்னொருவர் பொறுப்பு. சில ஆண்டுகளிலேயே திரும்பவும் ஒன்றாக்கினார்கள். க்ஷெசினியில் 2008, மால்போர்க்கில் 2010. இந்த முறை தளத்தின் பெயர்தான் நின்றது: '22-வது டாக்டிகல் விமானத் தளம்'. ஸ்குவாட்ரன் அதற்குள் அடங்கிவிட்டது, ஆனால் 41 என்ற எண்ணைப் பேச்சில் யாரும் விடவில்லை.

ஒரு எச்சரிக்கை. தளங்களின் எண் 31, 32 என்று இருப்பதால் அவை 3-வது விங்கை (பல தளங்களை நிர்வகிக்கும் மேல் அமைப்பு) சேர்ந்தவை என்று நினைத்துவிடாதீர்கள், நான் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவை 2-வது டாக்டிகல் விங்கில் வருகின்றன. 21, 22, 23 எண் தளங்கள் மூன்றும் 1-வது விங்.

வடகடல்:
ராடார் அண்ணன் படையின் வரலாற்றைச் சொல்லிவிட்டார், நான் விமானத்தின் வரலாற்றைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் மேசையில் இருப்பது சாதாரண விமானம் இல்லை. 41-ல் தொடங்கும் நான்கு இலக்க எண் என்றால் அது ஜெர்மனியிலிருந்து வந்தது. போலந்து சோவியத்திடம் நேரடியாக வாங்கியவற்றுக்கும், 1990-களில் ஹெலிகாப்டர்களைக் கொடுத்துச் செக் குடியரசிடமிருந்து மாற்றிக்கொண்டவற்றுக்கும் இரண்டு அல்லது மூன்று இலக்கம்தான்.

கிழக்கு ஜெர்மனி 24 மிக்-29 வாங்கி, போலந்து எல்லைக்குப் பக்கத்தில் ப்ரெஷன் என்ற இடத்தில் வைத்திருந்தது. 1990-ல் இரண்டு ஜெர்மனிகளும் இணைந்தபோது அத்தனையும் மேற்கு ஜெர்மனியின் படையோடு சேர்ந்தன. பிறகு ராஸ்டாக் அருகே லாகே தளத்தில் பறந்தன. 1996-ல் ஒன்று விபத்தில் போனது, ஒன்றை அருங்காட்சியகத்துக்கு எடுத்துவைத்தார்கள். மீதி 22-ஐயும் 2003, 2004-ல் போலந்துக்கு அடையாள விலையாக தலா ஒரு யூரோவுக்குக் கொடுத்தார்கள். அதில் 14-ஐ போலந்தின் பிட்கோஷ்ச் நகரப் பணிமனையில் செப்பனிட்டுப் பறக்கவைத்தார்கள். மால்போர்க்கின் மிக்-21-கள் ஓய்வுபெற்ற இடத்தில் இவைதான் வந்து நின்றன. 2023 ஏப்ரலில் இந்தக் கிழக்கு ஜெர்மன் விமானங்களில் ஐந்தை உக்ரைனுக்குத் தர ஜெர்மனி ஒப்புதல் கொடுத்தது. ஒரே இயந்திரத்துக்கு நான்கு நாட்டின் வண்ணம்.

அந்த நிலமும் அப்படித்தான். 1945-க்கு முன் அது ஜெர்மனி, மால்போர்க்கின் பெயர் மரியன்பர்க். அங்கிருந்த ஃபோக்கே-வுல்ஃப் விமானத் தொழிற்சாலையை அமெரிக்கர்கள் 1943 அக்டோபர் 9-ல் குண்டு வீசித் தாக்கினார்கள். 2014-ல் கிரிமியா விவகாரத்துக்குப் பிறகு பிரான்சின் ரஃபேல்கள் வந்து தங்கியதும் இதே தளத்தில்தான்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். 2018 ஜூலையில் இந்தத் தளத்தின் மிக்-29 ஒன்று பாஸ்வென்க் ஊருக்கு அருகே விழுந்தது. விமானி வெளியேற முயன்றும் பிழைக்கவில்லை. எந்த விமானத்தின் எண்ணை ஒட்டப்போகிறீர்கள் என்று முடிவு செய்யும்போது அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒட்டும்பசை:
இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. என் தாளில் உள்ளது 2006-ல் இருந்த நிறம் என்று குறிப்பு இருக்கிறது. அப்படியென்றால் '41-வது டாக்டிகல் ஸ்குவாட்ரன், மால்போர்க்' என்று போட்டால் சரிதானே?

பழைய ராடார்:
சரி. 2006-ல் ஸ்குவாட்ரனும் தளமும் தனித்தனி, விமானம் ஸ்குவாட்ரனுடையது. 2010-க்குப் பிந்தைய நிறமாக இருந்தால்தான் 22-வது தளம் என்று போட வேண்டும்.

சதுரக்கட்டம்:
டீக்கால் ஒட்டுவதற்கு முன் ஒரு நிமிடம். போலந்தின் சிவப்பு வெள்ளைச் சதுர முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். மேல் வரிசையில் இடது கட்டம் வெள்ளையாக இருக்க வேண்டும். 1993-க்கு முன் அது சிவப்பு, பிறகு மாற்றிவிட்டார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த மிக்-29 எதுவும் பழைய முத்திரையோடு பறந்திருக்க முடியாது. ஒருமுறை நான் தாளைத் தலைகீழாக வைத்து வெட்டி இறக்கையில் ஒட்டிவிட்டுப் பார்த்தேன், நல்லவேளையாக இந்த முத்திரையை 180 டிகிரி திருப்பினாலும் நிறம் மாறாது. ஆனால் 90 டிகிரி திரும்பினால் 1993-க்கு முந்தைய விமானமாகிவிடும். ஒவ்வொரு இடத்திலும் பார்த்து ஒட்டுங்கள், முடிந்ததும் படம் போடுங்கள்.