எபிடிடிமிஸ் அடைப்பு: நுண்நோக்கி ஒப்பரேஷன் எங்கே செய்யலாம்?

திருகோணமலையில் இருந்து எழுதுகிறேன். எனக்கு 37, மனைவிக்கு 34. கலியாணம் 2020இல். குழந்தை இல்லை. வழமைபோல முதலில் அவளைத்தான் எல்லாப் பரிசோதனைக்கும் அனுப்பினார்கள். அவளில் குறை இல்லை.

என் விந்துப் பரிசோதனையில், திரும்பச் செய்தும், உயிரணு ஒன்றுகூட இல்லை. விந்தின் அளவு 2.5 மில்லிலீற்றர், எஃப்.எஸ்.எச். (உயிரணு உற்பத்தியைத் தூண்டும் ஹோர்மோன்) 4.1, விதைகளின் அளவு சரி. ஸ்கானில் இரண்டு பக்கமும் எபிடிடிமிஸ் (விதையிலிருந்து உயிரணுவை விந்துக்குழாய்க்குக் கொண்டுபோகும் சுருள்குழாய்) வீங்கியிருக்கிறது. உற்பத்தி இருக்கிறது, வழிதான் அடைபட்டிருக்கிறது என்றார் டொக்டர். 2012 அளவில் விதைப்பையில் கிருமித்தொற்று வந்து அன்டிபயோடிக் எடுத்திருந்தேன்.

விற்றமின், சித்த மருந்து எல்லாம் பார்த்தாயிற்று. அடைப்பை மாத்திரை திறக்காதுதானே! விந்துக்குழாயை எபிடிடிமிஸோடு நேரே இணைப்பதுதான் ஒப்பரேஷன். அடைப்பு பழசானால் வாய்ப்புக் குறைகிறது, தைப்பவரின் கைப்பழக்கம் மிக முக்கியம், உயிரணு தெரிய ஒரு வருடம்கூட ஆகலாம், மனைவியின் வயதையும் பார்க்க வேண்டும் என்கிறார்கள். ஐ.சி.எஸ்.ஐ. (ஆய்வுகூடத்தில் உயிரணுவை முட்டைக்குள் ஊசியால் செலுத்தும் முறை) செலவு இப்போது கைக்கு எட்டாது.

இந்த இணைப்பை நுண்நோக்கி வைத்து அடிக்கடி செய்கிற யூரோலொஜிஸ்ட் இலங்கையில் எந்த ஊரில் இருக்கிறார்?