செக் கேஸுக்கு ஏஐ எடுத்துக் கொடுத்த தீர்ப்புகளை நம்பி வாதாடலாமா?

மதுரை ஜூனியர்:
சீனியர்களுக்கு வணக்கம். எதிரி தரப்பில், அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்காக, ஒரு செக் கேஸ் பார்க்கிறேன். கட்சிக்காரர் டீக்கடைக்காரர். 50,000 ரூபாய் வட்டிக்கு வாங்கியபோது கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த செக்கில் 4 லட்சம் என்று நிரப்பிவிட்டார்கள். வியாழக்கிழமை வாதம். செக் இருப்பதாலேயே கடன் இருந்தது என்று ஆகிவிடாது என்பதற்கு ஏஐயிடம் தீர்ப்பு கேட்டேன். ஐந்து கொடுத்தது. ஒன்று தேடித் தேடியும் கிடைக்கவில்லை, விட்டுவிட்டேன். இன்னொன்று உச்ச நீதிமன்றத்தின் கிருஷ்ண ஜனார்தன் பட், 2008. உண்மையான தீர்ப்பு, முழுதும் படித்தேன். இதைத் தாக்கல் செய்யலாமா?

திண்டுக்கல் வக்கீல்:
வேண்டாம் தம்பி. மாற்றுமுறை ஆவணச் சட்டம் 139வது பிரிவின் அனுமானம் (எதிரி உடைக்கும்வரை கோர்ட் உண்மையென்று எடுத்துக்கொள்வது) கடன் இருந்தது என்பதுவரை போகாது என்று பட் தீர்ப்பு சொன்னது. அது சரியில்லை என்று 2010இல் ரங்கப்பா வழக்கில் மூன்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். இல்லாத தீர்ப்பு தேடினால் குட்டு உடைந்துவிடும். இந்த மாதிரித் தீர்ப்புதான் எனக்குப் பயம், படித்துப் பார்த்தாலும் பழுது தெரியாது.

நான் ஏஐயிடம் வழக்கின் பெயரை மட்டும்தான் வாங்கிக்கொள்வேன். அப்புறம் உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்சிஆர் தளத்தில் தீர்ப்பை இறக்கி, எனக்கு வேண்டிய வரியைப் பென்சிலால் கோடு போடுவேன். அதைச் சொன்னது நீதிபதியா, இல்லை வக்கீலின் வாதத்தை எடுத்து எழுதியிருக்கிறார்களா? ஏஐ தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். பிறகு இந்தியன் கானூன் என்ற தீர்ப்புத் தேடல் தளத்தில், பின்னால் வந்த தீர்ப்புகள் அதைப் பற்றி என்ன சொல்கின்றன என்று பார்ப்பேன்.

நீங்கள் பசலிங்கப்பா தீர்ப்பைப் படியுங்கள், 2019. எதிரி கூண்டேறாமலே, புகார்தாரரின் சாட்சியத்தை வைத்தே அனுமானத்தை உடைக்கலாம். கடன் கொடுக்க அவருக்கு வசதி இருந்ததா என்பதுதான் அதில் முக்கியக் கேள்வி.

சேலத்திலிருந்து:
எதிர்த்தரப்பு பீர் சிங் தீர்ப்பை நீட்டுவார்கள், அதுவும் 2019. விரும்பிக் கொடுத்த வெற்று செக்குக்கும் அனுமானம் உண்டு என்கிறது. உங்களுக்கு எதிரான தீர்ப்புகளையும் ஏஐயிடம் கேட்டு வாங்குங்கள். கட்சிக்காரர் பெயர், பேங்க் கணக்கு எண் எதையும் அதில் போடாதீர்கள்.

மதுரை ஜூனியர்:
நன்றி அண்ணா, நன்றி சார். இரவு கேஸ் கட்டைத் திரும்பப் பிரித்தேன். கடன் கொடுத்ததாகச் சொல்லும் மாதத்தில் தன் வீட்டு நகையே அடகில் இருந்தது என்று புகார்தாரர் குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். மூன்றாம் பக்கம், கடைசி வரி. பசலிங்கப்பாவோடு அதையும் கோடு போட்டு வைத்துவிட்டேன்.